வெய்யோ சுத்தம் செய்த மரத்தடி

என் கணவன் வெய்யோவுக்கு இரண்டு கை போதாது. மூன்றாவது கையாக ஒரு சருகுவாரி வேண்டும். பனி உருகி நாலு விரல் அகலம் தரை தெரிந்துவிட்டால் போதும், அதை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவான். வசந்தம் வந்ததைக் குயில் கூவித் தெரிந்துகொள்பவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். எனக்கு வெய்யோவின் வாரி கல்லில் உரசும் சத்தம் கேட்டால்தான் வசந்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், எங்கள் பறக்கும் அணிலின் வீட்டுக்கு உலை வைக்க இருந்ததே இந்த வாரிதான்.

எங்கள் சவுனா, அதாவது நீராவிக் குளியல் அறை, ஏரிக்கரையில் இருக்கிறது. அதன் வாசல்படியில் உட்கார்ந்தால் எதிரே பக்கத்து நிலத்துக்காரன் உர்போவின் காடு. ஊசியிலை மரங்கள் இருட்டாக நெருங்கி நிற்கும் இடத்தில், எங்கள் எல்லையை ஒட்டி ஐந்தாறு ஆஸ்பென் மரங்கள் மட்டும் வெளுப்பாக நிற்கும். அதில் கிழட்டு மரம் ஒன்றில் மரங்கொத்தி எப்போதோ குடைந்துவிட்டுப் போன பொந்து. அந்தப் பொந்தில்தான் எங்கள் பறக்கும் அணில் குடியிருக்கிறது. சாம்பல் நிறம், என் உள்ளங்கை அளவு உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய கறுப்புக் கண்கள். பொழுது சாய்ந்ததும் பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும், உச்சிக்கு ஏறும், கைகால்களை நாலு பக்கமும் விரித்துக்கொண்டு காற்றில் விழும். விழுவது போலத்தான் இருக்கும், ஆனால் விழாது. சத்தமே இல்லாமல் சறுக்கிக்கொண்டு வந்து எல்லையில் நிற்கும் பைன் மரத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து ஏரிக்கரை மரங்களுக்குப் போகும். இதைப் பார்த்த நாளெல்லாம் எனக்கு நல்ல நாள். மற்ற நாட்களில் நான் கொஞ்சம் சிடுசிடு என்று இருப்பேன் என்று வெய்யோ சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் கடைசியில் உர்போ அந்தப் பைன் மரத்தை வெட்டி விறகாக்கிவிட்டான். நான் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் அடிமரம் மட்டும் மொட்டையாக நின்றது. கேட்கப் போனால், இன்னும் பெரிய செய்தி வைத்திருந்தான். திங்கட்கிழமை மரம் வெட்டும் இயந்திரம் வருகிறதாம். ஆஸ்பென் மரங்கள் எல்லாம் போகப்போகின்றனவாம். சமையலறை மேசையில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது அவனுக்கு ஏரி தெரியவேண்டுமாம்.

"எழுந்து பத்தடி நடந்தா ஏரி தெரியாதா உனக்கு?" என்றேன்.

"நடந்தா தெரியும். உட்கார்ந்தா தெரியல" என்றான் உர்போ.

"அந்த மரத்துல பறக்கும் அணில் இருக்கு."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

நாங்கள் சாவோ மாகாணத்துக்காரர்கள். எங்கள் பக்கத்தில் யாரும் எதற்கும் நேராக ஆம் என்றும் சொல்லமாட்டார்கள், இல்லை என்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் உர்போ அதில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் கூப்பிட்டால், "நானாத்தான் இருக்கணும்" என்று சொன்னவன்.

"ஹெல்கா, நான் பிறந்ததே இந்தக் காட்டுல. எல்க் மான் என் உருளைக்கிழங்குப் பாத்தியில படுத்துத் தூங்கியிருக்கு. கரடி என் தேன்கூட்டுப் பெட்டியை ஒடச்சிருக்கு. மரநாய் என் கோழியைத் தூக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துட்டே போயிருக்கு. உன் பறக்கும் அணிலை மட்டும் நான் பார்த்ததே இல்ல. உன் கண்ணுக்கு மட்டும் தெரியற பிராணி அது."

"நீ பொழுது சாய்ஞ்சா டிவி முன்னாடி குறட்டை விடறே. அது உன் டிவியிலயா பறக்கும்?"

"காட்டு, பார்க்கிறேன். பார்த்தா அப்புறம் யோசிக்கலாமோ என்னமோ" என்றான் அவன். அவ்வளவுதான் அவனிடமிருந்து பெயரும்.

பறக்கும் அணில் குடியிருக்கும் மரத்தை வெட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் குடியிருக்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டும். ஆளைக் கூப்பிட்டு நினைத்த நேரத்தில் காட்ட முடியாத பிராணிக்கு ஒரே சாட்சி அதன் புழுக்கைதான். பனி உருகின உடனே, புல் முளைப்பதற்கு முன்னால், மரத்தடியில் மஞ்சள் சாதத்தைச் சிந்தினது போலக் கிடக்கும். வேறெந்தப் பிராணிக்கும் அந்த நிறம் வராது. நான் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ரவுனி என்று ஒரு பெண் பேசினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். கிழட்டு ஆஸ்பெனின் அடியில், வேர்களுக்கு நடுவே, பாசியின் மேல் கைநிறைய அள்ளும் அளவுக்கு மஞ்சளாகக் கிடந்தது. எனக்கு அதைவிட அழகான காட்சி அந்த வாரம் முழுக்க வேறொன்றும் கிடைக்கவில்லை. சந்தோஷத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வீட்டுக்கு ஆள் வரும்போது காப்பிக்கு ஏலக்காய் பன் இல்லாமல் எப்படி? கிளம்பும்போது வெய்யோவிடம், "ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வரா, அந்த மரத்தடியைப் பார்க்கிறதுக்கு" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

திரும்பி வந்தால், முற்றத்தில் ஒரு சருகு இல்லை. சவுனாவுக்குப் போகும் பாதையில் ஒரு குச்சி இல்லை. பன் பையைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினேன். எல்லையைத் தாண்டி, உர்போவின் நிலத்துக்குள், ஆஸ்பென் மரங்களின் அடியெல்லாம் சீப்பு போட்டு வாரினது போலக் கிடந்தது. வேர்களின் இடுக்கைக்கூட விடவில்லை. கிழட்டு மரத்தில் சாய்ந்துகொண்டு வெய்யோ வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாராட்டுக்குக் காத்திருக்கும் முகம்.

"என்ன பண்ணி வெச்சிருக்கே?" என்று கத்தினேன்.

"சுத்தம் பண்ணினேன்."

"எதுக்கு?"

"மரத்தடியைப் பார்க்கத்தானே அந்தப் பொண்ணு வரா? நீதானே சொன்னே. அவ்ளோ தூரத்திலேர்ந்து ஒருத்தர் வந்து பார்க்கிற இடம் அசிங்கமா கிடந்தா நமக்கு நல்லாவா இருக்கும்?"

"இங்க மஞ்சளா கிடந்ததே, அது எங்கே?"

"ஆமா, என்னமோ புழுக்கையெல்லாம் கிடந்துச்சு. அதெல்லாம் இல்லாம வாரிட்டேன். கவலப்படாதே."

"அதைப் பார்க்கத்தான்யா அவ வரா!"

வெய்யோ என்னைப் பார்த்தான். பிறகு வாரியைப் பார்த்தான். அவன் யோசித்து முடிக்கும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"புழுக்கையைப் பார்க்கவா ஒரு ஆபீசர் வருவாங்க?" என்றான் மெதுவாக.

"குப்பையை எங்கே கொட்டினே?"

அவன் ஏரிக்கரைப் பக்கம் திரும்பினான். அங்கே எரிந்து அணைந்த சாம்பல் குவியலிலிருந்து நூலாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்கே பேச்சு வராதது கண்டு வெய்யோ உண்மையிலேயே பயந்துவிட்டான்.

ரவுனி சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். ரப்பர் பூட்ஸ், கழுத்தில் பூதக்கண்ணாடி, பையில் சின்னச் சின்ன டப்பாக்கள். அவள் வந்த வண்டிச் சத்தம் கேட்டு உர்போவும் வந்துவிட்டான். மரத்தடியைப் பார்த்ததும் அவனுக்கு வாயெல்லாம் பல்.

"அடடா, என் காட்டை யாரு இவ்ளோ அழகா வாரி வெச்சது? கூலி எதுவும் கேட்க மாட்டீங்களே?"

"போடா அந்தப் பக்கம்" என்றேன்.

ரவுனி ஒவ்வொரு மரத்தடியிலும் மண்டி போட்டுப் பார்த்தாள். பட்டையின் இடுக்கை, வேரின் அடியை, பொந்துக்கு நேர் கீழே இருந்த மண்ணை எல்லாம் பார்த்தாள். நானும் அவளோடு மண்டி போட்டேன். வெய்யோவும் மண்டி போட்டான். ஒரே ஒரு புழுக்கையாவது தப்பித்திருக்காதா என்று அவன் தேடிய வேகத்தில் இன்னும் நாலு சருகு பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, கை சும்மா இருக்காது. ஆனால் தேடியது கிடைக்கவில்லை. அவன் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்பவன் இல்லை.

"பொந்து இருக்கு, சாப்பிட ஆஸ்பென் இருக்கு, ஒளிய ஊசியிலை ஸ்ப்ரூஸ் இருக்கு. அது இருக்கிறதுக்கு எல்லா வசதியும் இருக்கு" என்றாள் ரவுனி. "ஆனா நீங்க பார்த்தீங்கன்னு நான் சொல்ல முடியாது. நான் என்ன பார்த்தேனோ அதைத்தான் சொல்ல முடியும். உங்களை நம்பாம இல்ல, மன்னிச்சிடுங்க."

"இப்ப என்ன ஆகும்?"

"நான் எதுவும் பார்க்கலேன்னா, திங்கட்கிழமை மிஷினை நிறுத்த என்கிட்ட ஒண்ணும் இல்ல."

ஜெயித்தவன் சிரித்திருக்கலாம், உர்போ சிரிக்கவில்லை. அதற்காக அவனை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. கொஞ்சம்தான். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, "எல்லாரும் காப்பிக்கு வாங்க" என்று அதட்டினேன்.

காப்பிக்குப் பிறகு ரவுனி கிளம்புவதாகச் சொன்னாள். நான் விடவில்லை. "இருட்டற நேரத்துக்கு அது வெளிய வரும். அதுவரைக்கும் இரும்மா. சவுனாவுல குளிச்சிட்டுப் போ. எங்க வீட்டுக்கு வந்துட்டு சவுனாவுல குளிக்காம போனா ஊர் என்ன பேசும்?" என்றேன். இதற்கு மறுப்பு சொல்ல எந்தப் பெண்ணாலும் முடியாது. வெய்யோ அதற்குள் அடுப்பு மூட்டப் போய்விட்டான். மன்னிப்பு கேட்கத் தெரியாதவன் விறகை அடுக்கிக்கொண்டே இருந்தான். புகை மேலே எழுந்ததும் உர்போ துண்டோடு வந்து நின்றான். எங்கள் சவுனாவில் புகை தெரிந்தால் அவனைக் கூப்பிட வேண்டியதே இல்லை. உள்ளே வந்துவிட்டால் அங்கே சண்டை போடக்கூடாது, அது கோயில் மாதிரி. ஆகவே நானும் வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் நானும் ரவுனியும் போனோம். அடுப்பின் சூடான கல்லில் தண்ணீர் ஊற்ற ஊற்ற ஆவி சுளீரென்று தோளைச் சுட்டது. ரவுனி பேச்சை மாற்றப் பார்த்தாள், தன் பூனையைப் பற்றி, ஊரில் வாடகை வீட்டைப் பற்றி. எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. திங்கட்கிழமை மாலை இந்தப் படியில் வந்து உட்கார்ந்தால் எதிரே என்ன இருக்கும் என்றுதான் நினைப்பு ஓடியது. ஏரி இருக்கும். ஏரி எனக்கு மரத்தை வெட்டாமலே தெரிகிறது.

நாங்கள் குளித்து உடுத்திப் படியில் வந்து உட்கார்ந்தோம். ஆண்கள் உள்ளே போனார்கள். சூரியன் ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஆனால் மே மாதத்தில் எங்களுக்கு வெளிச்சம் அவ்வளவு சீக்கிரம் போகாது. படியருகே மூட்டியிருந்த தணலில் சாசேஜ் வெடித்துச் சொட்டியது. நான் அதைத் திருப்பிப் போடக்கூட இல்லை, கண் முழுக்கப் பொந்தின் மேலேயே இருந்தது.

கதவு திறந்தது. உர்போ வெளியே வந்தான். அவன் கதவைவிட அகலம். இடுப்பில் ஒரு துண்டு, மேலே வெந்து சிவந்த உடம்பு, உடம்பு முழுக்க ஆவி. சூடு தணிய நிற்பதற்கு அவனுக்கு ஒரு இடம் வேண்டுமே. நேராக எல்லைக்குப் போய், தான் வெட்டிய பைனின் அடிமரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டான். ஏரியைப் பார்த்துக் கையை விரித்து நெஞ்சை நிமிர்த்தி, "ஆஹா" என்றான்.

"நடுவுல போய் நின்னுட்டான் பாரு" என்று நான் முணுமுணுத்தேன். "இப்ப அது எப்படி வெளிய வரும்?"

ரவுனி என் கையைப் பிடித்து அழுத்தினாள். பொந்தில் ஒரு தலை தெரிந்தது.

பெரிய கறுப்புக் கண்கள் இங்கும் அங்கும் பார்த்தன. பிறகு அது வெளியே வந்து உச்சிக்கு ஏறியது. அதற்குத் தன் வழி தெரியும். ஆஸ்பெனிலிருந்து பைனுக்கு, பைனிலிருந்து ஏரிக்கரைக்கு. பைன் போன வாரம் போய்விட்டது என்று யார் அதனிடம் போய்ச் சொல்வது? ஆனால் பைன் நின்ற இடத்தில் நிமிர்ந்து, அகலமாக, சிவந்து, கிளைபோல் கை விரித்து ஏதோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. அணில் குதித்தது.

சத்தமே இல்லாமல் சறுக்கிக்கொண்டு வந்து உர்போவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது.

"ஐயோ அம்மா" என்றான் உர்போ, மெல்லிய குரலில்.

"அசையாதீங்க" என்று ரவுனி கிசுகிசுத்தாள்.

"இது என்னது? ஹெல்கா, இது கடிக்குமா?"

"கடிக்கலாம். கடிக்காமலும் இருக்கலாம்" என்றேன். அந்தச் சந்தர்ப்பத்தை நான் எப்படி விடுவேன்?

உர்போ கல்லாக நின்றான். அணில் அவன் நெஞ்சு முடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. நகம் பட்ட ஒவ்வொரு இடத்திலும் அவன் கண்ணை இறுக்கி மூடினான், ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. இடுப்புத் துண்டு நழுவத் தொடங்கியபோதும் கையை இறக்கவில்லை. அதற்கு மேல் அந்தத் துண்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, நானும் ரவுனியும் அவன் தோளுக்கு மேலே மட்டும்தான் பார்த்தோம். அங்கேதான் அது போய் உட்கார்ந்திருந்தது. இந்த மரம் ஏன் இவ்வளவு குட்டை என்று அதற்குப் புரியவில்லை போல. அவன் காதை முகர்ந்து பார்த்தது. அவன் மெதுவாகக் கண்ணைத் திறந்து திரும்பினான். இரண்டு பேரும் மூக்குக்கு மூக்கு பார்த்துக்கொண்டார்கள். உர்போவின் முகம் அப்போது எப்படி மாறியது என்பதை நான் மறக்கமாட்டேன். பள்ளிக்கூடத்துப் பையனின் முகம் திரும்பி வந்துவிட்டது.

பிறகு அது அவன் மொட்டைத் தலைக்குத் தாவி, அங்கிருந்து பக்கத்து ஸ்ப்ரூஸ் மரத்துக்குப் பாய்ந்து மறைந்துவிட்டது.

அவன் தோளில் மஞ்சளாக நாலைந்து மணிகள் கிடந்தன.

சரியாக அந்த நேரத்தில் சவுனாவிலிருந்து வெய்யோ வெளியே வந்தான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. உர்போவைப் பார்த்தான், தோளைப் பார்த்தான். அவன் முகம் சுளித்தது.

"என்னய்யா தோள்ல அழுக்கு?" என்று தன் ஈரத் துண்டை ஓங்கிக்கொண்டு போனான்.

"தொடாதே!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அதில் பெரிய குரல் உர்போவுடையது.

வெய்யோ ஓங்கிய கையோடு அப்படியே நின்றான். ரவுனி டப்பாவும் இடுக்கியுமாக ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "எந்த இடத்துல கிடைச்சதுன்னு சொல்றது?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. வெய்யோ மட்டும் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதுவா?" என்று கேட்டான். "அதேதான்" என்றேன். அவன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாசேஜ் கருகுவதைக் கவனிக்கப் போனான்.

உர்போ படியில் வந்து உட்கார்ந்தான். நல்ல வேளையாகத் துண்டைச் சரியாகக் கட்டியிருந்தான். நெஞ்சில் சிவப்புச் சிவப்பாகக் கீறல்கள். கடுகு விழுதை அப்பிச் சாசேஜைக் கொடுத்தேன், கையில் வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான்.

"எடையே இல்ல ஹெல்கா" என்றான். "ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்துச்சு. ஆனா அதோட நெஞ்சு அடிச்சது எனக்குக் கேட்டுச்சு."

"நான் திங்கட்கிழமை காலையில ஆபீஸ்ல சொல்லிடறேன்" என்றாள் ரவுனி. "அவங்க நிறுத்தச் சொல்லி உங்களுக்குப் போன் பண்ணுவாங்க."

"எதுக்கு அவங்க பண்ணணும்?" என்று உர்போ தன் போனை எடுத்தான். மரம் வெட்டும் ஆளின் எண்ணைத் தேடிப் போட்டான். அந்தப் பக்கம் மணி அடிப்பது எங்களுக்கும் கேட்டது. ஆள் எடுத்ததும் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும்: வரலாம், வராமலும் இருக்கலாம், பார்க்கலாம், யார் கண்டார்கள்.

"உர்போ பேசறேன்" என்றான். "வராதே. ஆஸ்பெனை வெட்டக்கூடாது. இல்ல, தள்ளிப் போடல. வேண்டாம்னா வேண்டாம்."

போனை வைத்துவிட்டுச் சாசேஜைக் கடித்தான். வெய்யோ தணலைக் கிளறுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தான். அந்த வாயிலிருந்து நேரான வார்த்தை ஒன்று வந்து நாங்கள் இரண்டு பேரும் அதுவரை கேட்டதில்லை.

மறுநாளே உர்போ ஒரு பழைய தந்திக் கம்பத்தை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தான். பைனின் அடிமரத்தை ஒட்டிக் குழி தோண்டி அவனும் வெய்யோவும் அதை நட்டார்கள். அணிலுக்கு இறங்க இடம் வேண்டாமா என்றான். இப்போது அவன் சமையலறை மேசையில் உட்கார்ந்தால் ஆஸ்பென் மரங்களும் நடுவில் அந்தக் கம்பமும்தான் தெரியும். ஏரி கொஞ்சமும் தெரியாது. கேட்டால், ஏரியைப் பார்க்கப் பத்தடி நடந்தால் போதாதா என்று என்னிடமே சொல்கிறான். வருகிறவர்கள் போகிறவர்களிடம் "என் அணில்" என்று பேசுகிறான். என் அணில் அவன் அணில் ஆனதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பொறுத்துக்கொள்கிறேன்.

அடுத்த வருடம் பனி உருகியதும் வெய்யோவின் வாரி கல்லில் உரசும் சத்தம் கேட்டது. நான் ஜன்னலுக்கு ஓடினேன். முற்றம் பளிச்சென்று இருந்தது, பாதை பளிச்சென்று இருந்தது. வாரிக்கொண்டே எல்லைவரை போனவன் கிழட்டு ஆஸ்பெனுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டான். மரத்தைச் சுற்றி வாரியின் பிடியால் தரையில் ஒரு வட்டம் கீறினான். வட்டத்துக்குள் போன வருடச் சருகு, குச்சி, பாசி, மஞ்சள் மணிகள் எல்லாம் அப்படியே கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். காப்பியை எடுத்துக்கொண்டு போனேன்.

"இது போதுமா?" என்று கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் பெரிசா போடு" என்றேன்.

பெருமூச்சு விட்டுக்கொண்டே வட்டத்தைப் பெரிதாக்கினான்.